மூக்கில் கரும்புள்ளி: தேய்க்கத் தேய்க்கப் போகாதது ஏன்?

கேள்வி, நல்லம்பள்ளியிலிருந்து ஒருவர், 09.04.2023

மூக்கு நுனியிலும் மோவாயிலும் கரும்புள்ளி. எலுமிச்சை மூடியில் சர்க்கரையைத் தொட்டு எட்டு நாளாகத் தேய்க்கிறேன். முதல் நாள் வழவழப்பாக இருந்தது. இப்போது மூக்கு சிவந்து, தண்ணீர் பட்டாலே எரிகிறது. புள்ளி மட்டும் அசையவில்லை. இயற்கைப் பொருள்தானே, என்ன ஆகிவிடும் என்கிறார்கள். இன்னும் அழுத்தித் தேய்க்க வேண்டுமா?

09.04.2023, இரவு

வேண்டாம். இன்றோடு நிறுத்துங்கள்.

இயற்கை என்றால் சாது என்று யார் சொன்னது? எருக்கம்பாலும் இயற்கைதான், கண்ணில் விட்டுக்கொள்வீர்களா? எலுமிச்சைச் சாற்றின் பி.எச். அளவு ஏறக்குறைய 2. நம் தோலின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டியது. அந்த எண்ணில் ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு ஏறும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரையோ கண்ணாடிச் சில்லு மாதிரி முனை உள்ள பொருள். எட்டு நாளாக நீங்கள் செய்தது, உப்புத்தாளால் மூக்கைத் தேய்த்து, தேய்த்த இடத்தில் ஊறுகாய் போட்டதுதான்.

எலுமிச்சை பட்ட தோலோடு சித்திரை வெயிலில் போகவே கூடாது. அதில் உள்ள சில பொருட்கள் சூரிய ஒளியோடு சேர்ந்து தோலைப் புண்ணாக்கும். கொப்புளம் வரலாம். வந்து ஆறினாலும் பழுப்புக் கறை மாதக்கணக்கில் நிற்கும். புள்ளியைப் போக்கப் போய் திட்டை வாங்கிய கதை ஆகிவிடும்.

எல்லோரும் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. அந்தக் கறுப்பு அழுக்கு அல்ல. முகத்தில் ஒவ்வொரு மயிர்த்துளைக்கும் பக்கத்தில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அந்த எண்ணெயும் உதிர்ந்த செல்களும் துளைக்குள் சேர்ந்து மெழுகுக் கட்டையாகிவிடுகின்றன. வாய் மூடியிருந்தால் அது வெண்புள்ளி. திறந்திருந்தால் மேல்முனையில் உள்ள மெலனின் காற்றுப் பட்டுக் கறுக்கிறது, நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பது போல. வாழைக்காயின் கறுப்பை யாராவது தேய்த்து எடுத்திருக்கிறீர்களா?

இப்போதைக்கு வெறும் தண்ணீர். எரிச்சல் அடங்கும் வரை மூக்கில் எதையும் போடாதீர்கள்.

10.04.2023

யார் நீ, மருத்துவரா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. தருமபுரி பஸ் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் என் மாமனாரின் நாட்டு மருந்துக் கடை. பதினொரு வருடமாக மதியம் முதல் இரவு வரை கல்லாவில் இருப்பது நான்தான். நலங்கு மாவு, ஆவாரம்பூ, முல்தானி மட்டி எல்லாம் பொட்டலம் கட்டி விற்கிறேன். மூக்கைக் காட்டி மருந்து கேட்பவர்கள் வாரத்துக்குப் பத்துப் பேராவது வருகிறார்கள். அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன்.

எனக்கும் இருந்தது. இருபத்திரண்டு வயதில் நெற்றியும் மூக்கும் ரவை தூவியது போல இருக்கும். கடை நலங்கு மாவுதான் போக்கியது. பாசிப்பயறு கால் கிலோ, காய்ந்த ஆவாரம்பூ ஐம்பது கிராம், ரோஜா மொட்டு, பூலாங்கிழங்கு, கார்போக அரிசி ஆகியவை வகைக்கு இருபத்தைந்து கிராம், கஸ்தூரி மஞ்சள் பத்து கிராம். தயிரில் குழைத்துப் பூசி, ஐந்து நிமிடத்தில் கழுவ வேண்டும்.

(21.06 அன்று சேர்த்தது: இந்த அளவை அப்படியே எழுதிக்கொண்டு போகாதீர்கள். கீழே 11.05, 21.06 குறிப்புகளைப் படியுங்கள்.)

14.04.2023

சித்திரை ஒன்று. கடையில் வேப்பம்பூவுக்கு அடிதடி. இன்று யாருக்கும் மூக்கு நினைவில்லை.

17.04.2023

மாவு அரைப்பது பற்றிக் கேட்டவருக்கு.

அரைப்பதைவிடச் சலிப்பதுதான் முக்கியம். போன வருடம் என் நாத்தனார் நலங்கு சாமான்களை வாங்கிக்கொண்டு போய் அவள் தெருவில் உள்ள மில்லில் கொடுத்து அரைத்திருக்கிறாள். அவளுக்கு முன்னால் ஒருவர் எட்டுக் கிலோ மிளகாய் அரைத்துவிட்டுப் போயிருக்கிறார். மில்காரர் ஒரு பிடி அரிசியைப் போட்டு மெஷினைக் கழுவியதாகச் சத்தியம் செய்தார். மறுநாள் காலை நாத்தனாரிடமிருந்து எனக்கு வந்த தொலைபேசி அழைப்பை இங்கே எழுத முடியாது. "அண்ணி, உங்கள் கடைச் சரக்கில் என்ன கலந்தீர்கள்?" என்பது மட்டும்தான் அச்சில் ஏறக்கூடியது.

மிளகாய் இல்லாத மாவும் சும்மா இல்லை. மில்லிலிருந்து வந்த மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். பூலாங்கிழங்கின் நாரும் பயற்றுத் தோலும் நறநறவென்று தட்டுப்படும். அந்த நறநறப்பைத்தான் பலர் "நன்றாக வேலை செய்கிறது" என்று நினைக்கிறார்கள். அது செய்வது கீறல் வேலை. சித்த மருந்தில் சூரணத்தை வஸ்திரகாயம் செய்வார்கள். பழைய வெள்ளை வேட்டித் துண்டைப் பாத்திரத்தின் வாயில் இறுக்கிக் கட்டி, மாவைப் போட்டு விரலால் மெல்லத் தேய்த்தால், கீழே விழுவது டால்கம் பவுடர் போல இருக்கும். கால் கிலோவில் நாற்பது, ஐம்பது கிராம் மேலேயே நின்றுவிடும். அது குளிக்கும்போது பாதத்துக்குத் தேய்க்க ஆகும். முகத்துக்கு ஆகாது.

23.04.2023

ஒரு வாரமாக வந்த கேள்விகளைத் திரும்பப் படித்தேன். ஆளுக்கொரு பொருளில் பேசிக்கொண்டிருக்கிறோம். "கரும்புள்ளி" என்று கேட்டு வருபவர்களில் பாதிப் பேருக்கு இருப்பது வேறு.

பரு ஆறிய இடத்தில் நிற்கும் கறையும் கரும்புள்ளிதான் நம் பேச்சில். கன்னத்தில் பரவும் மங்கு என்ற பழுப்புத் திட்டையும் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். இவை இரண்டும் தோலோடு தட்டையாக இருக்கும், விரலுக்குத் தட்டுப்படாது. துளையில் அடைப்பு எதுவும் கிடையாது. நாம் பேசுவது விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும், கடுகில் பாதி அளவுகூட இல்லாத, கறுப்புத் தலையுள்ள அடைப்பைப் பற்றி.

நாலாவதாக ஒன்று இருக்கிறது. அதுதான் எல்லோரையும் ஏமாற்றுவது. மூக்கின் மேல் சாம்பல் நிறத்தில், ஊசியால் குத்தி வைத்தது போல வரிசையாக, ஒரே அளவில் புள்ளிகள். அழுத்தினால் நூல் போல வெள்ளையாக வரும். அது நோயே இல்லை. சுரப்பியிலிருந்து எண்ணெய் மேலே வரும் பாதை. எல்லோர் மூக்கிலும் உண்டு. பிதுக்கி எடுத்தால் ஒரு மாதத்துக்குள் திரும்ப நிரம்பிவிடும். மூக்கில் ஒட்டி உரிக்கும் பட்டையில் வருவதில் பெரும்பகுதி இதுதான். உரித்த பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மகிழ்வதோடு அதன் பயன் முடிந்தது. நானும் பார்த்து மகிழ்ந்தவள்தான், மறைக்கவில்லை.

02.05.2023

ஆவி பிடித்தால் துளை திறக்கும், ஐஸ் வைத்தால் மூடும் என்கிறார் அரூர்க்காரர். தோல் துளை என்ன கடை ஷட்டரா? அதைத் திறந்து மூட அங்கே தசை கிடையாது. சூட்டில் மெழுகு கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். அதற்குக் கொதிக்கும் குண்டான் மேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், அதில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி, மூக்கின் மேல் இரண்டு மூன்று நிமிடம். போதும்.

பிறகு ஊக்கு, ஹேர்பின், நகம் எதையும் கொண்டுபோகாதீர்கள். பிதுக்கும்போது அடைப்பின் ஒரு பகுதி வெளியே வரும், மற்றது உள்ளே வெடித்துச் சுற்றுத் தோலில் இறங்கும். மூன்றாம் நாள் அங்கே சீழ்ப்பரு. மூக்கும் மேலுதடும் சேர்ந்த இடத்தின் இரத்தக் குழாய்களுக்கு மண்டைக்குள் உள்ள குழாய்களோடு தொடர்பு உண்டு. அபூர்வம்தான் என்றாலும், அங்கே சீழ் பிடித்து உள்ளே பரவினால் உயிருக்கே ஆபத்து.

02.05.2023, இன்னொன்று

நெல்லிக்காய்ச் சாறு பூசலாமா என்று கேட்டவருக்கு: அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? தின்னத்தான் கொடுத்தான்.

11.05.2023

பத்தாம் தேதி ஏப்ரலில் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன்.

நேற்று இரவு பழைய ஆல்பத்தைப் புரட்டினேன். கல்யாணப் படத்தில் நெற்றியில் ரவை தெளிவாகத் தெரிகிறது. அடுத்த வருடம் வளைகாப்புப் படத்தில் இல்லை. நலங்கு மாவு என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன், கடைக்கு வருபவர்களிடமும். ஆனால் அந்த ஒரு வருடத்தில் மாறியது மாவு மட்டும் அல்ல.

பிறந்த வீட்டில் அம்மா தினமும் காலையில் தேங்காய் எண்ணெய் வைப்பார். தலையில் வைத்து, கையில் மிச்சம் இருப்பதை நெற்றியிலும் முகத்திலும் தடவிவிடுவார். வெயிலில் அது வழிந்து புருவம் வரை வரும். தலையணை உறையைப் பிழிந்தால் ஒரு தாளிப்புக்கு ஆகும். தேங்காய் எண்ணெய் துளையை அடைக்கக்கூடிய எண்ணெய்களில் ஒன்று. முடிக்கு நல்லது, நெற்றிக்கு அல்ல. புகுந்த வீட்டில் வாரம் ஒருமுறைதான் எண்ணெய், அதுவும் அன்றே சீயக்காயோடு போய்விடும்.

இரண்டாவது, தண்ணீர். எங்கள் பிறந்த ஊர் பென்னாகரம் பக்கம். குளிக்கவும் துவைக்கவும் போர்வெல் தண்ணீர், உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று இன்னும் தேய்ப்போம். தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகிவிடும். வாளியின் உள்பக்கம் விரலால் வழித்தால் வருமே ஒரு வெள்ளைப் பிசுக்கு, அதே பிசுக்குதான் முகத்திலும் தங்கும். முகம் காய்ந்து இழுக்கும், அரிக்கும், இன்னும் சோப்புப் போடத் தோன்றும். இங்கே வந்த பிறகு முகத்துக்குச் சோப்பை விட்டுவிட்டேன். மாவு போட்டதால் போனதா, சோப்பும் எண்ணெயும் விட்டதால் போனதா? இன்றைக்குக் கேட்டால், விட்டதற்குத்தான் முக்கால் பங்கு என்பேன்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்ததிலிருந்து குடிக்க ஆற்றுத் தண்ணீர் கிடைக்கிறது. அது வந்தது நிலத்தடித் தண்ணீரில் உள்ள புளோரைடைத் தவிர்க்க. புளோரைடு பல்லையும் எலும்பையும் பிடிப்பது. மூக்குப் புள்ளிக்கு அதன் மேல் பழி போடாதீர்கள். ஆனால் இரண்டு குவளை குடிநீரை முகம் கழுவ எடுத்து வைத்தால் வித்தியாசம் தெரியும். வீட்டில் திட்டு விழும், அது உங்கள் பாடு. முடியாதவர்கள் சோப்பு இல்லாத முகக் கழுவியை மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள். உப்புத் தண்ணீரிலும் பிசுக்கு விடாது.

ஆல்பத்தை ஏன் புரட்டினாய் என்று கேட்கிறார் கணவர். ஆராய்ச்சி என்றேன்.

19.05.2023

ஓசூரில் லேத்தில் வேலை செய்யும் தம்பி எழுதியிருக்கிறார்: முகத்தைவிட முன்கையிலும் தொடையிலும் கரும்புள்ளி, நடுநடுவே கட்டி. தம்பி, உங்களுக்கு ஆவாரம்பூ வேண்டாம். லேத்தில் இரும்பைக் கடையும்போது ஊற்றும் கட்டிங் ஆயிலால் வருவது அது. எண்ணெய் ஊறிய சட்டையும் பேண்ட்டும் உரசும் இடத்தில்தான் வரும். ஷிஃப்ட் முடிந்ததும் கழுவுங்கள், அதே உடுப்பை மறுநாள் போடாதீர்கள், எண்ணெய்த் துணியால் கையைத் துடைக்காதீர்கள். கட்டி குறையாவிட்டால் தோல் மருத்துவரிடம் என்ன வேலை என்பதையும் சொல்லுங்கள்.

ஒகேனக்கல் மசாஜ் பற்றியும் கேட்கிறார்கள். தாராளமாகச் செய்துகொள்ளுங்கள். அருவியில் நின்றால் எண்ணெய் போய்விடும் என்று நம்பி அப்படியே பஸ் ஏறாதீர்கள். முதுகில் எண்ணெயோடு வியர்வையும் சேர்ந்து வீடு வந்து சேருவதற்குள் வேலையைத் தொடங்கிவிடும். என் கொழுந்தனாருக்கு முதுகு முழுவதும் கடுகு வெடித்தது.

03.06.2023

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு குறிப்பு: மாம்பழத் தோலின் உட்புறத்தை மூக்கில் தேய்க்கலாமாம்.

மாந்தோப்பு வைத்திருக்கும் வீட்டில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். காய் பறிப்பவர்கள் காம்பை ஒடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது எதற்கு? மாம்பால் தெறித்தால் தோல் வெந்து கறுத்துப் போகும். காம்புப் பக்கத்துத் தோலிலும் அந்தப் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். சிலருக்குப் பழம் தின்றாலே உதட்டோரம் தடிப்பதும் அதனால்தான். கிருஷ்ணகிரிக்காரர் ஒருவரே இந்தக் குறிப்பை எழுதியிருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை ஆட்டுக்குப் போடுங்கள்.

04.06.2023

ஆடு தின்னலாமா என்று கேட்காதீர்கள். தின்னும்.

21.06.2023

இதை எழுத இரண்டு நாள் யோசித்தேன்.

சேலத்திலிருந்து மாமனாரைப் பார்க்க வந்த சித்த மருத்துவர் ஒருவர் என் நலங்கு மாவுச் சீட்டைப் படித்துவிட்டு, கார்போக அரிசியில் விரலை வைத்தார். "இது எதற்கம்மா போடுகிறோம் தெரியுமா?" என்றார். நிறத்துக்கு என்றேன். சிரித்தார். தோல் திட்டுத் திட்டாக நிறம் இழந்து வெளுக்கும் வெண்புள்ளி நோய்க்கு (நான் மேலே சொன்ன அடைப்பு அல்ல) கொடுத்துவிட்டு வெயிலில் நிற்கச் சொல்லும் சரக்கு அது. அதில் உள்ள சோரலென் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். நிறம் போன இடத்தில் நிறத்தை வரவழைக்க அது மருந்து. நிறம் உள்ள முகத்தில் பூசிக்கொண்டு காலை பத்து மணிக்கு வண்டியில் போனால்? எலுமிச்சையைத் திட்டிய அதே காரணம் என் பொட்டலத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஏப்ரலில் அவ்வளவு சத்தம் போட்டேன், நல்லம்பள்ளிக்காரரே, மன்னியுங்கள்.

ஐந்து நிமிடத்தில் கழுவிவிடும் மாவில் எவ்வளவு இறங்கும், நம் பாட்டிகள் போடவில்லையா என்று மாமனார் வாதாடினார். பாட்டிகள் விடியற்காலையில் குளித்து அடுப்படிக்குள் போனவர்கள், நாம் ஹெல்மெட் போட்டுச் சேலம் சாலையில் போகிறவர்கள் என்றேன். பேச்சு நின்றது. மறுநாள் காலை வந்து பார்த்தால் முகத்துக்கான பொட்டலத்தில் கார்போக அரிசி இல்லை. அவரே எடுத்துவிட்டிருக்கிறார். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ஆக, என் மாவில் இப்போது பாசிப்பயறும் ஆவாரம்பூவும் மட்டும். சொல்லப்போனால் பாசிப்பயறு மட்டும் போதும். மேலே உள்ள எண்ணெயை முரட்டுத்தனம் இல்லாமல் எடுக்கும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். முல்தானி மட்டி எண்ணெய் முகத்துக்கு வாரம் ஒருமுறை. காய்ந்து வெடிக்கும் வரை விடாமல், ஈரம் இருக்கும்போதே கழுவிவிட வேண்டும். சோற்றுக்கற்றாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை வடியவிட்டு, கழுவிய பிறகுதான் சோற்றை எடுக்க வேண்டும். அந்த மஞ்சள் பால் அரிக்கும். சோறு எரிச்சலைத் தணிக்கும், அடைப்பை எடுக்காது. சமையல் சோடா, பற்பசை இரண்டும் வேண்டவே வேண்டாம்.

12.07.2023

தக்காளியை வட்டமாக நறுக்கி மூக்கில் தேய்க்கச் சொல்லி வந்திருக்கிறது, பாலக்கோட்டிலிருந்து. கிலோ நூறைத் தாண்டி நிற்கும் நேரம் இது. தக்காளிச் சந்தை உள்ள ஊர்க்காரர் என்பதற்காக இப்படி ஜம்பம் காட்டக் கூடாது. எங்கள் வீட்டில் ரசத்துக்கே புளியை மட்டும் கரைக்கிறோம்.

30.07.2023

நல்லம்பள்ளிக்காரர் திரும்ப எழுதியிருக்கிறார். எரிச்சல் போய்விட்டது, மோவாய் பரவாயில்லை, மூக்கில் ஏழெட்டு மட்டும் அப்படியே இருக்கின்றன, மூன்று மாதம் பொறுத்தாயிற்று, இனி என்ன என்கிறார்.

இனி வீட்டுச் சாமான் போதாது. நாட்டு மருந்துக் கடையில் இருப்பவளே சொல்கிறேன். துளைக்குள் இருக்கும் மெழுகை இளக்கி எடுக்க, எண்ணெயில் கரைந்து உள்ளே போகும் பொருள் வேண்டும். சாலிசிலிக் அமிலம் அப்படிப்பட்டது. 2 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். முதலில் ஒன்றுவிட்டு ஒரு நாள், இரவில். தோல் உரிந்தால் இடைவெளியைக் கூட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தோல் மருத்துவர் அடாபலீன் களிம்பு எழுதுவார். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு அது ஆகாது, முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே காட்டலாம்.

ஒரு பயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். "பத்து நாளில் பளிச்" என்று பக்கத்து வீட்டில் கொடுக்கும் களிம்பு எதையும் தொடாதீர்கள். பெட்டியில் பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மோமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் வாரம் முகம் கண்ணாடி மாதிரி இருக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு கொட்டும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும் என்று 2018-இலேயே மத்திய அரசு உத்தரவு போட்டது. சீட்டு இல்லாமல் வாங்கிப் பூசி, முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு என் கல்லா முன்னால் வந்து நின்ற பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. எந்தப் பொட்டலத்தையும் கொடுக்காமல் அனுப்பினேன்.

18.08.2023

நல்லம்பள்ளிக்காரர் நேற்று கடைக்கே வந்துவிட்டார். நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். கல்லாவுக்கு மேல் உள்ள டியூப் லைட் வெளிச்சத்தில் மூக்கைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். ஏழெட்டில் மூன்று மிச்சம். மற்றபடி தெரிவதெல்லாம் அந்தச் சாம்பல் நிற வரிசைதான். "இதுவும் போகுமா அக்கா?" என்றார். என் மூக்கைக் கிட்டே வந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தார். அங்கேயும் அதே வரிசை. அப்புறம் கேட்கவில்லை.

நூறு கிராம் பாசிப்பயற்று மாவு வாங்கினார், வஸ்திரகாயம் செய்தது. வேறு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். மாமனார் மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "நாலு மாதமாக எழுதுகிறாய் என்றாயே அம்மா, இந்த வியாபாரத்துக்கா?"